விளம்பரத்தை முழுசாகப் படித்துவிட்டுக் கேளுங்கள்!
ஆய்வுப் பல்கலை வேலைகள்: கேள்வி-பதில்

ஐஐடி மெட்ராஸ் ப்ராஜெக்ட் வேலைகள் பேப்பரில் வருவதே இல்லையே, எங்கே பார்ப்பது? (திருச்சி)

பேப்பரை நம்பி உட்காராதீர்கள். ப்ராஜெக்ட் ஆட்களை எடுப்பது அங்குள்ள ஐசி அண்ட் எஸ்ஆர் (வெளி நிதியில் நடக்கும் ஆய்வுகளைக் கவனிக்கும்) பிரிவு. அறிவிப்பு அதன் இணையதளத்தில்தான் வரும். வாரம் ஒருமுறையாவது பாருங்கள்.

ப்ராஜெக்ட்டில் நாலைந்து வருஷம் இருந்தால் நிரந்தரம் ஆக்குவார்களா?

மாட்டார்கள். ப்ராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது. இன்னும் எத்தனை மாதத்துக்கு நிதி இருக்கிறது என்று இன்டர்வியூவிலேயே கேட்டுவிடுங்கள். பேராசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை இப்போது எவ்வளவு?

2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆனால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி.

பிஎச்டி இல்லாமல் உதவிப் பேராசிரியர் ஆகலாமா?

எந்த நிறுவனம் என்று எழுதாமல் கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது? யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி நடக்கும் பல்கலைக்கழகம் என்றால், 2023 ஜூலை முதல் நெட், செட் அல்லது ஸ்லெட் தகுதித் தேர்வில் தேறினால் போதும். ஐஐடி, ஐஐஎஸ்சி என்றால் பிஎச்டி இல்லாமல் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நான் எம்பிசி. நிரந்தர சாதிச் சான்றிதழை அப்லோட் செய்தும் ஓபிசி சலுகை தர மறுத்துவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா? (தர்மபுரி)

இல்லை. வருஷா வருஷம் இதைச் சொல்கிறேன், வருஷா வருஷம் இதே கடிதம் வருகிறது. நம் பிசி, எம்பிசி அட்டை மாநில அரசு வேலைக்கு. மத்திய அரசு நிறுவனத்துக்கு ஓபிசி கிரீமிலேயர் (சலுகை கிடைக்காத வசதியான பிரிவு) அல்லாதோர் சான்றிதழ், அதுவும் மத்திய அரசு படிவத்தில் வேண்டும். முதலில் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பட்டியலும் ஒன்றல்ல. பிறகு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள், தாசில்தார் தருவார்.

இந்தச் சான்றிதழுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம். அதில் அவர்களின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. தாலுகா அலுவலகத்திலேயே சிலர் இதைத் தெரியாமல் அப்பாவின் சம்பளத்தையும் கூட்டிக் கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். விதியைக் காட்டிப் பேசுங்கள். ஆனால் பெற்றோரில் ஒருவர் குரூப் ஏ (அரசின் உயர்நிலை) பதவியில் நேரடியாகச் சேர்ந்தவர் என்றால் வருமானம் பார்க்காமலேயே கிரீமிலேயர்தான்.

அடுத்தது தேதி. எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய சான்றிதழ் செல்லும் என்று விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன் வாங்கியதை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். வயதில் 3 வருஷச் சலுகை இந்த ஒரு தாள் சரியில்லாததால் போகிறது.

ஜூனியர் அசிஸ்டென்ட் இன்டர்வியூவுக்கு "சொல்லி வைக்க" ஒருவர் இரண்டு லட்சம் கேட்கிறார். நம்பலாமா?

இல்லாத இன்டர்வியூவுக்கு யாரிடம் சொல்லி வைப்பார்? மத்திய அரசின் குரூப் சி (ஜூனியர் அசிஸ்டென்ட் இதில்தான் வரும்), கெசட்டட் (அரசிதழ் பதிவு பெற்ற) அல்லாத குரூப் பி பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் இன்டர்வியூவே கிடையாது. எழுத்துத் தேர்வு, திறன் தேர்வுதான். பணம் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

நாற்பது பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன், ஒருவரும் பதில் போடவில்லை.

நாற்பது முகவரியையும் ஒரே மெயிலில் போட்டிருப்பீர்கள். மூன்று பேரின் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு மூன்று மெயில் போடுங்கள்.

கடைசி நாள் மாலை சர்வர் வேலை செய்யவில்லை. மேல்முறையீடு செய்யலாமா?

அதற்கு முந்தைய இருபது நாளும் சர்வர் நன்றாகத்தானே ஓடியது?