முதலில் உங்கள் வகுப்புக்கு அவரைக் கூப்பிடுங்கள்

கேள்வி: இந்த ஆண்டுதான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக வந்தேன். என்னோடு சேர்த்து எட்டு ஆசிரியர்கள். குறுவள மையத்தில் (சிஆர்சி) நடக்கும் ஆசிரியர் பயிற்சிக்கு எல்லோரும் போய் வருகிறார்கள், ஆனால் வகுப்பில் பாடம் பழையபடிதான் நடக்கிறது. ஐந்தாம் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். என்னைவிட மூத்தவரான அந்த ஆசிரியை அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் செய்தது தவறா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

வகுப்பைப் பார்க்கப் போனதில் தவறே இல்லை. கையில் நோட்டோடு போனதுதான் அவரைச் சுட்டிருக்கும். இத்தனை வருட சர்வீஸில் அவர் வகுப்புக்கு நோட்டோடு வந்தவர்கள் பெரும்பாலும் குறை எழுதத்தான் வந்திருப்பார்கள். நானும் ஹெச்.எம். ஆன முதல் வருடம் இதையே செய்தேன். அதன் பிறகு நான் வராண்டாவில் நடந்தாலே ஓர் ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகளை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிவிடுவார். அந்த வருடம் முழுக்க அவர் பாடம் நடத்தி நான் பார்க்கவேயில்லை.

பயிற்சியில் கற்றது வகுப்புக்குள் இறங்கவில்லை என்கிறீர்களே, அது உங்கள் ஆசிரியர்களின் குறை மட்டும் இல்லை. ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களிலேயே இதை எழுதினார்கள். பயிற்சியில் கேட்டதும் செய்து பார்த்ததும் வகுப்பில் நிலைக்க வேண்டுமானால், திரும்பி வந்த பிறகு பள்ளியிலேயே கூட ஒருவர் துணை நிற்க வேண்டும் என்றார்கள். அந்தத் துணையை ஏற்பாடு செய்வதுதான் உங்கள் வேலையில் முக்கியமான பகுதி என்று நான் நினைக்கிறேன். ரிஜிஸ்டர்களும், இஎம்ஐஎஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் போடும் பதிவும் எப்படியும் நடந்துவிடும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? பிள்ளைகளின் கணக்கு நோட்டிலிருந்து. நீங்களும் ஏதாவது ஒரு வகுப்புக்குப் பாடம் எடுப்பீர்கள் இல்லையா? அங்கே 503-லிருந்து 278-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 225. ஆனால் சில நோட்டுகளில் 375 என்று இருக்கும். 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் 5, 0-க்கும் 7-க்கும் 7, 5-க்கும் 2-க்கும் 3. அந்தப் பிள்ளை கவனக்குறைவாகப் போடவில்லை. 'பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி' என்று நாம்தான் கீழ் வகுப்பில் சொல்லிக் கொடுத்தோம். அதை ஒவ்வொரு இலக்கத்துக்கும் அப்படியே செய்திருக்கிறது. சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனால் இது நம் கண்ணிலேயே படாது.

அந்த நோட்டுகளில் நான்கை எடுத்துக்கொண்டு அந்த ஆசிரியையிடம் போங்கள். 'டீச்சர், என் வகுப்புப் பிள்ளைகள் இப்படிப் போட்டிருக்கிறார்கள். நான் எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. ஒரு பீரியட் வந்து பாருங்களேன்' என்று கேளுங்கள். நடிப்பாகக் கேட்காதீர்கள், உடனே தெரிந்துவிடும். ஐந்தாம் வகுப்பைப் பல வருடம் எடுத்தவருக்கு, கடன் வாங்குகிற இடத்தில் நடுவில் பூஜ்யம் வந்தால் பிள்ளைகள் ஏன் திணறுகிறார்கள் என்பது உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கலாம்.

ஜப்பானில் இது நூறு வருடத்துக்கும் மேலாகப் பள்ளிப் பழக்கம். 'ஜுக்யோ கென்க்யூ' என்பார்கள். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று நின்று பார்ப்பார்கள். பாடம் எல்லோரும் சேர்ந்து போட்டது என்பதால், பிறகு பேசும்போது நடத்தியவர் மட்டும் கூண்டில் நிற்பதில்லை.

எட்டுப் பேர் இருக்கிற பள்ளியில் நேரத்துக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயம்தான். அவர் உங்கள் வகுப்புக்கு வரும் பீரியடில் நான்காம் வகுப்பையும் அவருடைய ஐந்தாம் வகுப்பையும் ஒன்றாக உட்கார வையுங்கள். மாதம் ஒரு தடவை போதும். மணி அடித்த பிறகு இருபது நிமிடம், டீயோடு, அந்த நான்கு நோட்டுகளைப் பற்றி மட்டும் பேசுங்கள். சர்க்குலரை அன்றைக்கு எடுக்காதீர்கள். ஆரம்பத்தில் இரண்டு பேர்தான் வருவார்கள், மற்றவர்களை வற்புறுத்த வேண்டாம்.

அப்புறம், அன்று எழுதிய குறிப்பு உங்களிடம் இருக்கும் அல்லவா? அதை அவரிடமே கொடுத்துவிடுங்கள். 'சொல்லாமல் வந்து உட்கார்ந்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் டீச்சர்' என்று தனியாக இருக்கும்போது சொல்லுங்கள். கணக்கு நோட்டுகளை மறுநாள் கொண்டு போகலாம்.