அந்த மைனஸ் 35தான் துப்பு

பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமர்) பூசிய தங்க நானோதுகள்கள் தண்ணீரில் மைனஸ் 35 மில்லிவோல்ட் ஜீட்டா (துகள் மேற்பரப்பின் மின்சுமையைக் காட்டும் அளவு) காட்டியும், பாஸ்பேட் உப்புக் கரைசலில் விட்டதும் ஊதாவாகித் திரள்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். மின்சுமையற்ற பெக் நன்றாக மூடியிருந்தால் ஜீட்டா சுழியை நோக்கி வந்திருக்கும். உங்கள் துகளை இன்னும், தயாரிப்பிலேயே அதன்மேல் ஒட்டிய சிட்ரேட்டின் மின்சுமைதான் தாங்குகிறது; உப்பு அதை மறைத்துவிடுவதால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

கிண்டி ஆய்வகத்தில் நான் செய்வது இது: சோடியம் குளோரைடை 150 மில்லிமோலார் வரை படிப்படியாக ஏற்றி, ஒளி உறிஞ்சு நிறமாலையை உடனேயும் மறுநாளும் எடுப்பேன். 520 நானோமீட்டர் முகடு தாழ்ந்து 650 அருகே தோள் எழுந்தால் பூச்சு போதவில்லை. தயோல் பெக்கை (கந்தக முனையால் தங்கத்தில் பிடித்துக்கொள்ளும் பெக்) கூட்டி இரவு முழுவதும் விடுங்கள், பிறகு மையவிலக்கில் கழுவுங்கள். ஒளிச்சிதறல் காட்டும் சராசரி விட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். நாலைந்து திரள்களே அதை உயர்த்திவிடும். சென்னை மே மாதத்தில் மாதிரியை மேசைமேல் விடவே வேண்டாம்.