போர் தண்ணீரும் குட்டைத் தண்ணீரும்: எத்தனைக்கு எத்தனை?

கேள்வி: ஐயா, எங்கள் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் உப்பு அளக்கும் மீட்டரில் 4.8 மில்லிசீமன்ஸ் காட்டுகிறது, பண்ணைக் குட்டைத் தண்ணீர் 0.4. இரண்டு மோட்டாரையும் ஒரே நேரத்தில் போட்டுத் தொட்டியில் விட்டால் நடுவாக 2.6 வரும் என்று நினைத்தேன், வந்தது 3.7. மீட்டர் பழுதா? முண்டு மிளகாய்க்கு இதைப் பாய்ச்சலாமா?
- வாசகர், கமுதி

பதில்: மீட்டர் சரியாகத்தான் சொல்கிறது. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை வைத்து அது உப்பைக் காட்டுகிறது, அந்தக் கடத்தலின் அலகுதான் மில்லிசீமன்ஸ். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கும் கணக்கு, இரண்டு தண்ணீரும் ஒரே அளவு விழுந்தால்தான் செல்லும். ஒவ்வொரு தண்ணீரின் எண்ணையும் அது விழுந்த லிட்டரால் பெருக்கி, இரண்டையும் கூட்டி, மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். உங்கள் 3.7-ஐ வைத்துத் திருப்பிப் போட்டால் போர் மூன்று பங்கு, குட்டை ஒரு பங்கு என்று வருகிறது: மூன்று 4.8-ம் ஒரு 0.4-ம் சேர்ந்து 14.8, நாலால் வகுத்தால் 3.7. சந்தேகமாக இருந்தால் 200 லிட்டர் டிரம்மைப் பிடித்துப் பாருங்கள், போர் மோட்டார் ஒரு நிமிடத்தில் நிரப்புவதைக் குட்டை மோட்டார் நிரப்ப மூன்று நிமிடம் ஆகும்.

இந்தத் தண்ணீரை மிளகாய்க்கு விடவே வேண்டாம். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் அட்டவணைப்படி மிளகாய்க்கு 1.0 வரை குறைவில்லை, 1.5-ல் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு போகும், 3.4-ல் பாதி போய்விடும். 1.5-க்குக் கொண்டுவர உங்கள் கலவையை அப்படியே தலைகீழாக்க வேண்டும், போர் ஒன்று, குட்டை மூன்று. குட்டை மோட்டார் 90 நிமிடம் ஓடட்டும், போர் 10 நிமிடம் போதும். 6,000 லிட்டரும் 2,000 லிட்டரும் சேரும். உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் தங்கும், அதனால் நன்றாகக் கலக்கிவிட்டு அளந்து பாருங்கள். உப்பு நீர்த்துப்போகும்போது மின்சாரத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே கடத்தும், ஆகவே 1.5-க்குப் பதில் 1.6 காட்டினாலும் கணக்கு தப்பு என்று நினைக்காதீர்கள். அப்புறம், ஒன்றை டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) மீட்டரில் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) ஆகவும் மற்றதை மில்லிசீமன்ஸிலும் அளந்து கூட்டாதீர்கள்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். கலந்தால் உப்பு நீர்க்குமே தவிர மறையாது, அந்த 2,000 லிட்டர் போர் தண்ணீரோடு ஏறக்குறைய 6 கிலோ உப்பு உங்கள் நிலத்தில் இறங்குகிறது. குட்டையில் தண்ணீர் இருக்கும் வரை நாற்றுக்கும் இளஞ்செடிக்கும் அதை மட்டும் தனியாக விடுங்கள், செடி வேர் பிடித்து வளர்ந்த பிறகு கலவைக்குப் போகலாம்.