ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு மேல் வீடு: வாங்கலாமா?

கேள்வி: வேளச்சேரியில் 1998ல் கட்டிய நான்கு மாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு விலை பேசியிருக்கிறோம். கீழ்த்தளம் முழுக்க ஸ்டில்ட் பார்க்கிங், அதாவது சுவரில்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்துமிடம். சென்னை நிலநடுக்க மூன்றாம் மண்டலம் என்கிறார்கள். துணிந்து வாங்கலாமா?

பதில்: மண்டல எண் கூடினால் ஆபத்தும் கூடும் என்பது உண்மைதான், ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். சென்னைக்குப் பக்கத்தில் வந்தவை பெரும்பாலும் நடுத்தர அதிர்வுகள்தான். 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்த நிலநடுக்கத்தின் அளவு ஏறக்குறைய 5.5. ஆனால் கட்டிய ஆண்டைக் கவனியுங்கள். நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டடங்களை வடிவமைப்பதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893. அதை 2002ல் திருத்தியபோதுதான் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றுக்கு மாறியது. உங்கள் கட்டடம் அதற்கு முந்தியது, குறைந்த ஆபத்துக் கணக்கில் கட்டியதாக இருக்கலாம்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது கீழ்த்தளம். மாடிகளில் தூண்களுக்கு நடுவே செங்கல் சுவர்கள் இருப்பதால் அவை விறைப்பாக நிற்கும். பார்க்கிங்கில் வெறும் தூண்கள். நிலம் ஆடும்போது மேல்தளங்கள் ஒரே பெட்டியாக நகரும். வளைவது முழுக்கக் கீழ்த்தளத் தூண்கள். 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல இந்த ரகம்தான். ஸ்டில்ட் பார்க்கிங் பரப்பை எஃப்.எஸ்.ஐ. கணக்கில், அதாவது ஒரு மனையில் மொத்தம் எவ்வளவு பரப்பு கட்டலாம் என்ற வரம்பில், சேர்ப்பதில்லை. அப்படி இருக்கும்போது எந்த பில்டர் வேறு மாதிரி கட்டுவார்? நகரத் திட்டமிடலே தெருத்தெருவாக இந்தப் பலவீனத்தை வளர்த்துவிட்டது என்றுதான் சொல்வேன்.

அடுத்தது மண். வேளச்சேரி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. ஆழமான மென்களிமண் தூரத்து அதிர்வையும் பெருக்கிவிடும். 1985ல் மெக்சிகோ நகரம் 350 கி.மீ. தள்ளி வந்த நிலநடுக்கத்தில் அவ்வளவு சேதப்பட்டதற்கு அடியிலிருந்த பழைய ஏரிப்படுகை முக்கியக் காரணம்.

சரி, என்ன பார்ப்பது? வில்லங்கச் சான்று கேட்கிற அதே கறாரோடு ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தையும் மண் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். லிஃப்ட் சுவர் கான்கிரீட்டா, செங்கல்லா? கான்கிரீட் என்றால் கொஞ்சம் நிம்மதி. தூண்களில் நெடுக்காக வெடிப்போ துருக்கறையோ தெரிந்தால் உள்ளே கம்பி அரித்துக்கொண்டிருக்கலாம். வரைபடத்தில் தூணின் மேல், கீழ் முனைகளில் ரிங்குகள் (நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையங்கள்) நெருக்கமாக இருக்கின்றனவா, ரிங்கின் கொக்கி 135 டிகிரிக்கு உள்பக்கம் மடங்கியிருக்கிறதா என்று ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டுங்கள். அவர் நேரில் வந்தும் பார்க்க வேண்டும். வீட்டு விலைக்கு முன்னால் அவர் கட்டணம் ஒன்றுமேயில்லை.

பலவீனம் தெரிந்தாலும் சரிசெய்ய வழி உண்டு. கீழ்த்தளத்தில் சில தூண்களுக்கு நடுவே அஸ்திவாரத்திலிருந்தே கான்கிரீட் சுவர் எழுப்பலாம். நீளவாக்கு, அகலவாக்கு இரண்டிலும், சமச்சீராக வர வேண்டும். ஒரு மூலையில் மட்டும் வாட்ச்மேன் அறை, கடை என்று அடைத்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும், அது இன்னும் மோசம். இதில் இரண்டு மூன்று கார் இடம் போகும். அதற்கு அசோசியேஷன் சம்மதிக்குமா என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். வரைபடமும் இல்லை, சுவர் வைக்கவும் விடமாட்டார்கள் என்றால் நான் அந்த வீட்டை வாங்க மாட்டேன்.