பெர்ஃப் திருத்தும் மகனை மறிக்கலாமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் யாழ். பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம், இரண்டாம் வருடம். சில மாதமாக லினக்ஸ் கெர்னலோடு வரும் பெர்ஃப் புரோப் என்ற ஏதோ ஒரு கருவியின் பிழையைத் திருத்துகிறேன் என்று விடிய விடிய லப்டொப்போடு இருக்கிறானாம். காசும் இல்லை, சேர்டிபிகேட்டும் இல்லை. ஒன்றுவிட்ட அண்ணன் கொழும்பில் வெப் கோர்ஸ் ஒன்றை முடித்து வேலையும் எடுத்துவிட்டான். கனடா மாமா ஏஐ படிக்கச் சொல்கிறார். "இவனை மறிக்கிறதோ, விடுகிறதோ?" என்பது கேள்வி.

மறிக்க வேண்டாம் அம்மா. ஆனால் கேள்வி கேட்காமல் விடவும் வேண்டாம். என்ன கேட்க வேண்டும் என்று தெரிவதற்கு, அவன் செய்வது என்னவென்று உங்களுக்குக் கொஞ்சம் விளங்க வேண்டும்.

கெர்னல் என்பது ஒரு மெஷினின் இயங்குதளத்துக்கு நடுவில் இருக்கும் மைய மென்பொருள். உங்கள் கையில் இருக்கும் அன்ட்ரொயிட் போனுக்குள்ளும் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. ஒரு சேர்வர் மந்தமாக ஓடினால் நேரம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா, அதற்கான கருவி பெர்ஃப். 2009இல் 2.6.31 பதிப்போடு கெர்னல் மூலநிரலுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. அதில் ஒரு பகுதி பெர்ஃப் புரோப். ஜப்பானியரான மசாமி ஹிரமட்சு எழுதியது. மென்பொருள் பல சின்னச் சின்ன வேலைத் துண்டுகளால் ஆனது, ஒவ்வொன்றும் ஒரு ஃபங்சன். "கெர்னலுக்குள் இந்த ஃபங்சன் கூப்பிடப்படும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சொல்லு" என்று அதனிடம் கேட்கலாம். அது அந்த ஃபங்சன் இருக்கும் முகவரியைத் தேடிப் பிடித்து கெர்னலிடம் கொடுக்கும். கெர்னல் அந்த இடத்தில் ஒரு பொறி வைக்கும். புரொசசர் அங்கே வந்ததும் குறித்துக்கொண்டு, பழையபடி வேலையைத் தொடர விடும். மெஷினை நிறுத்தவும் தேவையில்லை, கெர்னலைத் திரும்பக் கொம்பைல் பண்ணவும் (மூலநிரலில் இருந்து கட்டவும்) தேவையில்லை.

சிக்கல் எல்லாம் அந்த முகவரியில். பாதுகாப்புக்காக இன்றைய கெர்னல் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் நினைவகத்தில் வேறு வேறு இடத்தில் போய் இருந்துகொள்ளும். எந்த ஃபங்சன் எங்கே என்று சொல்லும் டீபக் தகவல் உள்ள கோப்பில் ஒரு முகவரி இருக்கும், ஓடும் கெர்னலில் இன்னொன்று இருக்கும். அதனால் பெர்ஃப் நிலையான ஒரு குறியீட்டை அடிப்படையாக எடுத்து, அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு பிசகினால் பொறி பிழையான இடத்துக்குப் போகும். இரண்டாவது சிக்கல், ஒரே பெயரில் பல ஃபங்சன்கள் இருக்கலாம். வீட்டு இலக்கம் போடாமல் "சிவகுமார், கோண்டாவில்" என்று மட்டும் கடிதம் போட்ட கதைதான். புதிய கெர்னல்கள் இப்படிப் பெயரை மட்டும் கொடுத்தால் ஏற்கமாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிடும். மூன்றாவது கொம்பைலர் செய்யும் வேலை. சின்ன ஃபங்சனைத் தூக்கி இன்னொன்றுக்குள் கரைத்துவிடும், அல்லது பெயருக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டிவிடும். தேடும் பெயர் பட்டியலில் இருக்காது.

இவற்றில் மோசமானது எது தெரியுமா? "வைக்க முடியவில்லை" என்று கருவி சொன்னால் பரவாயில்லை, ஆள் தேடிப் பார்ப்பார். பொறி பக்கத்து ஃபங்சனில் போய் உட்கார்ந்து, பிழைச் செய்தியே இல்லாமல் எண்களைக் கொட்டினால்தான் ஆபத்து. அந்த எண்களை நம்பி ஒரு குழு வாரக்கணக்கில் பிழையான இடத்தைத் திருத்திக்கொண்டிருக்கும். உங்கள் மகன் இருப்பது இந்த இடத்தில். வீண் வேலை என்று நான் சொல்லமாட்டேன்.

வேலை எடுப்பதற்கு இது எப்படி உதவும்? கெர்னலுக்குள் போகும் ஒவ்வொரு திருத்தமும் எழுதியவரின் பெயரோடும் கையொப்ப வரியோடும் கிட் (மூலநிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வரலாற்றில் நிற்கும். பெயர் மறைத்து அனுப்பினால் எடுக்கமாட்டார்கள். சேர்டிபிகேட்டை யாரும் அச்சடிக்கலாம். இந்த வரலாற்றை நேர்முகத் தேர்வு நடத்துபவர் தன் கதிரையில் இருந்தே திறந்து பார்க்கலாம். பங்குச்சந்தைகளுக்கு மென்பொருள் செய்யும் இலங்கை நிறுவனமான மில்லேனியம் ஐடியை 2009இல் லண்டன் பங்குச்சந்தை வாங்கியது. பங்கு வர்த்தக மென்பொருளில் மைக்ரோசெக்கனில் கணக்குப் பார்க்கிறார்கள். அந்த மாதிரி இடங்களிலும், கிளவுட், டேட்டாபேஸ், எம்பெடட் பக்கமும், நேரம் எங்கே போகிறது என்று தேடத் தெரிந்த ஆளுக்குத் தனி மதிப்பு உண்டு. ஒன்றை மறைக்கக் கூடாது: யாழ்ப்பாணத்துக்குள் இந்த வேலைக்கென்று விளம்பரம் வருவது அரிது. கொழும்பு, அல்லது தூரத்தில் இருந்து செய்யும் வேலை என்று மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். வெப் கோர்ஸ் முடித்த அண்ணனுக்கு வேலை சீக்கிரம் கிடைத்ததும் நியாயம்தான், அந்தச் சந்தை பெரியது. ஆனால் அங்கே வரிசையும் நீளம்.

கனடா மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள். ஏஐ மொடல்கள் பயிற்சி பெறும் சேர்வர்களிலும் ஓடுவது லினக்ஸ்தான். அவை மந்தமானால் தேடுவதற்கும் இதே வகைக் கருவிகள்தான். இரண்டும் எதிரெதிர்ப் பாதைகள் இல்லை.

இனித் தம்பிக்கு. நீர் இதையும் வாசிப்பீர் என்று நினைக்கிறேன்.

முதலில் உம்முடைய பிழை உண்மையிலேயே பிழையா என்று பாரும். சாதாரண யூசராக இருந்து கெர்னல் குறியீட்டுப் பட்டியலைத் திறந்தால் முகவரி எல்லாம் பூச்சியமாகத் தெரியும். அது பாதுகாப்பு அமைப்பு. கெர்னலை அப்டேட் பண்ணிவிட்டு ரீபூட் பண்ணாமல் இருந்தால் ஓடும் கெர்னலும் டீபக் கோப்பும் வேறு வேறு. சில ஃபங்சன்களில் பொறி வைக்கவே கூடாது என்று கெர்னலே தடைப்பட்டியல் வைத்திருக்கிறது. இந்த மூன்றையும் கழித்த பிறகும் நின்றால், இன்னொருவர் தன் மெஷினில் அப்படியே செய்து பார்க்கக்கூடிய மாதிரிக் கட்டளைகளை எழுதும். எந்தப் பதிப்பில் சரியாக இருந்தது, எதில் குழம்பியது என்று கிட் பைசெக்ட் வைத்துத் தேடும். குழப்பிய கொமிட் (கிட்டில் பதிந்த மாற்றம்) பிடிபட்டால் "ஃபிக்ஸஸ்" வரியில் அதைப் போடும். அந்த ஒரு வரி இருந்தால், பழைய பதிப்புகளைப் பராமரிப்பவர்களுக்கு உம்முடைய திருத்தம் தங்களுக்கும் தேவையா என்று உடனே தெரியும்.

திருத்தம் சின்னதாக இருக்கட்டும். நாலு வரி மாற்றத்துக்கு இருபது வரி விளக்கம் எழுதினால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள், அதைத்தான் விரும்புவார்கள். அனுப்ப முதல் பெர்ஃபோடு வரும் சோதனைகளை, பெர்ஃப் டெஸ்ட்டை, ஓட்டிப் பாரும். பராமரிப்பவர்களின் பதில் கடுமையாக வந்தால் அது உமக்கு இல்லை, கோடுக்கு. இரண்டாம், மூன்றாம் பதிப்பு கேட்பது வழமை. ஏஐயிடம் எழுதி வாங்கி அனுப்புகிற எண்ணம் இருந்தால் கவனம், "ஏன் இந்த வரி?" என்று ஒரு கேள்வி வந்தாலே தெரிந்துவிடும்.

சீவியில் "கெர்னல் டெவலப்பர்" என்று போடாதையும். என்ன பிழை, என்ன காரணம், எந்தப் பதிப்பில் சேர்ந்தது என்று ஒரே வரியில் போடும். கேள்வி அங்கிருந்துதான் வரும், உமக்குப் பதிலும் தெரிந்திருக்கும். ஒன்றிரண்டு திருத்தம் உள்ளே போன பிறகு லினக்ஸ் ஃபவுண்டேசனின் மென்டர்ஷிப்புக்கு விண்ணப்பியும், கெர்னல் பிழை திருத்தத்துக்கென்றே அதில் ஒரு பிரிவு இருக்கிறது. திறந்த மூல மென்பொருள் எழுதப் புதியவர்களைச் சேர்க்கும் கூகிள் சமர் ஒஃப் கோட்டும் உண்டு. 2005இல் தொடங்கியது, 2022இல் இருந்து மாணவர் அல்லாதவர்களும் சேரலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பெடியள் அதில் பல வருடம் உலக அளவில் முன்னுக்கு நின்றவர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து போடக்கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை.

அம்மா, திரும்ப உங்களிடம். அவனை மறிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: ரிப்பீட். பாடம் ஒன்று விழுந்தால் பட்டத்தின் கிளாஸ் போகலாம், இன்டேர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்கும்போதும் ஜீபீஏயைப் பார்க்கிற கம்பனிகள் உண்டு. எனவே பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கும்போது கெர்னலை மூடி வைக்கச் சொல்லுங்கள். புதிய பதிப்பு ஒன்பது, பத்துக் கிழமைக்கு ஒருமுறை வருகிறது. இந்த முறை விட்டால் அடுத்த முறை. மற்ற நேரங்களில் கிழமைக்கு ஒருதரம், சாப்பிடும்போது, "இப்ப எந்த இடத்தில் நிற்கிறாய்?" என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்கும் மாதிரி அவனால் சொல்ல முடிந்தால் வேலை நகர்கிறது. "அது உங்களுக்கு விளங்காது" என்ற பதிலே மாதக்கணக்கில் வந்தால், அவனுக்கும் விளங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது டிப்பார்ட்மென்டில் ஒரு விரிவுரையாளரைக் காணச் சொல்லுங்கள்.

புது லப்டொப் வாங்கவா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். முழுக் கெர்னலையும் டீபக் தகவலோடு கட்டினால் பழைய மெஷின் மணிக்கணக்கில் இழுக்கும், டிஸ்கும் பல ஜீபி போகும். ஆனால் பெர்ஃபை மட்டும் தனியாகக் கட்ட நிமிடங்கள் போதும், அவனுக்கு அதிகம் தேவை அதுதான். இருக்கிறதற்கு எஸ்எஸ்டி இல்லையென்றால் அதைப் போட்டு, ரேமைக் கூட்டிக் கொடுங்கள். பைசெக்ட்டுக்கு லினக்ஸின் முழு வரலாறும் வேண்டும், அதுவும் பல ஜீபி. அதை கெம்பஸ் இணைப்பில் ஒருதரம் இறக்கிக்கொண்டு வந்தால் வீட்டு டேட்டாவும் மிச்சம்.