அந்த ரசீதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாமா?

கேள்வி: என் கணவர் சொந்தமாகக் குட்டி யானை வைத்து லோடு ஓட்டுகிறார். தவணை இன்னும் முடியவில்லை. சென்ற மாதம் உறவினர் வீட்டுத் துக்கத்துக்குப் போய்விட்டு இரவு பைக்கில் திரும்பியபோது போலீசார் நிறுத்தி ஊதச் சொன்னார்களாம். மெஷினில் 58 என்று வந்திருக்கிறது. பைக்கையும் லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார்கள். ‘இந்த ரசீது இருந்தால் ஓட்டலாம்’ என்று சொல்லி இவர் தினமும் லோடுக்குப் போகிறார். 9 மணிக்கு ஒரு கட்டிங்தான் குடித்ததாகச் சத்தியம் செய்கிறார். 2023இலும் இப்படி மாட்டி, கோர்ட்டில் 10,000 ரூபாய் கட்டினோம். இப்போது சம்மன் வந்திருக்கிறது. போன தடவை போலக் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்கிறார். கோர்ட் வாசலில் பார்த்த ஒருவர் 25,000 கொடுத்தால் கேஸை உடைத்துத் தருகிறேன் என்கிறார். வக்கீல் வைத்தால் பயன் உண்டா? காகிதங்களின் நகலை இணைத்திருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் மிக அவசரமான விஷயம் அந்த ரசீதுதான். அதை வைத்துக்கொண்டு உங்கள் கணவர் வண்டி ஓட்டக் கூடாது. வேறு சில காரணங்களுக்காக உரிமத்தை வாங்கி வைக்கும்போது கொடுக்கப்படும் தற்காலிக ஒப்புகைச் சீட்டு, உரிமம் திரும்பி வரும்வரை ஓட்டுவதற்கு அனுமதி அளிப்பதுதான். பழைய ஓட்டுநர்கள் எல்லோரும் அப்படி நம்புவதற்கு அதுவே காரணம். ஆனால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 206ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. குடித்துவிட்டு ஓட்டியதற்காகக் கைப்பற்றப்படும் உரிமம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பப்படும் என்றும், அதற்குத் தரப்படும் ஒப்புகைச் சீட்டு ஓட்டும் உரிமையைத் தராது என்றும் அது வெளிப்படையாகச் சொல்கிறது. இந்த நிலையில் லோடு வண்டி எங்காவது மோதிவிட்டால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது உரிமத்தைத்தான். தெரிந்த ஓட்டுநர் ஒருவரைக் கூலிக்கு வைத்தாவது தவணையைச் சமாளியுங்கள்; இவர் பக்கத்து இருக்கையில் உட்காரட்டும்.

அடுத்தது 2023இல் கட்டிய பணம். ‘ஃபைன்தானே கட்டினோம், கேஸ் இல்லையே’ என்று நினைப்பவர்கள் மிகப் பலர். ஹெல்மெட் அணியாததற்குச் சாலையோரத்தில் கட்டும் தொகை வேறு, இது வேறு. குடித்துவிட்டு ஓட்டுவதைப் பற்றிய 185ஆம் பிரிவு, காவல்துறையே தொகை வாங்கிக்கொண்டு முடித்துவிடக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. நீதித்துறை நடுவர்தான் அதை விசாரிக்க முடியும். காலையில் நீதிமன்றத்தில் பெயர்களை வரிசையாகக் கூப்பிடுவார்கள், கூண்டருகே நிற்பவரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார்கள், அவர் தலையாட்டுவார், எழுத்தர் தொகையைச் சொல்வார். ஐந்து நிமிடம்கூட ஆகாத அந்தத் தலையாட்டல்தான் சட்டத்தின் பார்வையில் குற்ற ஒப்புதல், அதன்மேல் எழுதப்படுவது தண்டனைத் தீர்ப்பு. முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று சொல்லும் இதே பிரிவு, இரண்டாம் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. ஆகவே ‘போன தடவை போல’ என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த முறை வழக்கறிஞர் இல்லாமல் உங்கள் கணவர் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முந்தைய தண்டனையைக் காட்டிக் கூடுதல் தண்டனை கேட்பதானால் அரசுத் தரப்பு அதைக் குற்றச்சாட்டில் குறிப்பிட்டு நிரூபிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய நகலில் 2023ஆம் ஆண்டு வழக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இது கவனிக்காமல் விட்டதா, பின்னால் சேர்க்கப் போகிறார்களா என்பதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். நீங்களாகப் போய் யாரிடமும் அதைக் கிளற வேண்டாம்.

இனி அந்த 58. சட்டம் வைத்திருக்கும் வரம்பு 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராம் ஆல்கஹால். ஒரு கட்டிங் என்பது 90 மில்லி. கடையில் விற்கும் பிராந்தியிலும் விஸ்கியிலும் பொதுவாக ஆல்கஹால் 42.8 சதவீதம் என்பதால், அந்த 90 மில்லியில் சுமார் 30 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. ஏறத்தாழ 65 கிலோ எடையுள்ள ஓர் ஆண் அதை வெறும் வயிற்றில் குடித்தால் அளவு 60ஐ ஒட்டி ஏறுவதில் வியப்பில்லை. பிறகு மணிக்கு 15 என்ற கணக்கில்தான் மெதுவாக இறங்கும். அதாவது உங்கள் கணவர் செய்யும் சத்தியத்தை அப்படியே நம்பினாலும், அது அவர் குடித்துவிட்டு வண்டி எடுத்ததற்குச் சாட்சியாகத்தான் போய் நிற்கிறது. ‘ஒரு கட்டிங்தான்’ என்று நீதிமன்றத்தில் சொல்வதைப் போன்ற வினை வேறில்லை. இருமல் மருந்து குடித்தேன், வாய் கொப்பளிக்கும் திரவம் பயன்படுத்தினேன் என்று யாராவது கதை கட்டச் சொன்னால் அதையும் கேட்க வேண்டாம். வாயில் தங்கிய ஆல்கஹால் அளவைக் கூட்டிக் காட்டும் என்பது உண்மை, ஆனால் ஏறத்தாழ 15 நிமிடத்தில் அது போய்விடும். 9 மணிக்குக் குடித்தவருக்கு அந்த வாதம் பொருந்தாது.

அப்படியானால் வழக்கறிஞர் எதற்கு என்று கேட்பீர்கள். அவர் வேலை காகிதத்தில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய நகலையே எடுத்துக்கொள்வோம். ஊதியபோது மெஷினிலிருந்து வந்த விரலகலச் சீட்டில் நேரம் 23.52 என்று அச்சாகியிருக்கிறது. காவல் அறிக்கையிலோ இரவு 10.40க்கு வாகனத்தை நிறுத்திச் சோதித்ததாக எழுதியிருக்கிறது. இடையில் 72 நிமிடம். மெஷினின் கடிகாரம் தவறாக ஓடியிருக்கலாம், இவர் ஒரு மணி நேரம் காத்திருக்க வைக்கப்பட்டிருக்கலாம், அல்லது அந்தச் சீட்டு அன்றிரவு நிறுத்தப்பட்ட வேறு ஒருவருடையதாகக்கூட இருக்கலாம். சீட்டில் பெயரும் வாகன எண்ணும் அச்சில் இல்லாமல் பேனாவால் எழுதப்பட்டிருப்பதால் இந்தக் கேள்வி வெறும் சாமர்த்தியம் ஆகாது. மெஷினை இயக்கிய அதிகாரியைக் குறுக்கு விசாரணையில் நிறுத்தி, மெஷினின் வரிசை எண் என்ன, கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்யப்பட்டது, அதற்குச் சான்றிதழ் எங்கே, ஊதுவதற்கு முன் வெறுமனே இயக்கி பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்தார்களா, ஒவ்வொருவருக்கும் புதிய ஊதுகுழல் மாட்டினார்களா என்று வழக்கறிஞர் கேட்பார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றிதழ் அந்தச் சீட்டுக்கு உண்டா என்பதும் கேட்கத் தகுந்ததே. இதில் எதற்காவது பதில் இல்லையென்றால் சந்தேகத்தின் பலன் இவருக்குக் கிடைக்கலாம். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தால் 58 நிற்கும்.

ஒரு சின்ன விஷயம். அந்தச் சீட்டு வெப்பத் தாளில் அச்சாவது. கடை ரசீதைப் போல மாதங்களில் வெளுத்துவிடும். உங்களிடம் உள்ள பிரதியை இன்றே இரண்டு நகல் எடுத்து, கைப்பேசியிலும் படம் பிடித்து வையுங்கள். மூலச் சீட்டை மஞ்சள் பையில் போட்டு அலமாரியில் வைத்தால், வழக்கு விசாரணைக்கு வரும் நாளில் வெள்ளைத் தாள்தான் இருக்கும்.

‘ரத்தம் எடுக்கவில்லை, அதனால் கேஸ் நிற்காது’ என்று வாசலில் நின்றவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இது பாதி உண்மை. 1971இல் உச்ச நீதிமன்றம், பச்சுபாய் ஹசனல்லி கார்யானி வழக்கில், வாயில் மது வாடை வந்தது, நடை தள்ளாடியது, கண்மணி விரிந்திருந்தது என்று மருத்துவர் எழுதியதை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்ற முடிவுக்கு வர முடியாது என்றது. அரசு மருத்துவமனைச் சான்றில் ‘மது அருந்தியுள்ளார், ஆனால் அதன் தாக்கத்தில் இல்லை’ என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும் வழக்குகளில் அந்தத் தீர்ப்பு இன்றும் கை கொடுக்கும். ஆனால் 185ஆம் பிரிவு ஊதும் கருவியின் அளவையே போதிய சோதனையாக ஏற்கிறது. கருவி அளவு கையில் இருக்கும்போது ரத்தம் எடுக்காதது வழக்கைத் தானாக வீழ்த்திவிடாது. இந்தக் குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 202ஆம் பிரிவு சொல்வதையும் சிலர் இத்துடன் குழப்பிக்கொள்கிறார்கள். அது காவலிலிருந்து வெளியே வருவதற்கான வழி. வழக்கிலிருந்து விடுதலை அன்று. மேலும் இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இப்போது இல்லை.

போராடுவதா, ஒப்புக்கொள்வதா என்பதை முதல் வாய்தாவிலேயே முடிவு செய்யத் தேவையில்லை. சம்மன் தேதியன்று உங்கள் கணவர் தவறாமல் ஆஜராக வேண்டும். வராமல் இருந்தால் பிடிவாரண்ட் வரும், அது தேவையில்லாத தலைவலி. வழக்கறிஞர் வக்காலத்து போட்டு, எல்லா ஆவணங்களின் நகலும் கேட்டு, அளவுத்திருத்தச் சான்றிதழைப் பார்த்த பிறகு முடிவெடுக்கட்டும். 72 நிமிட இடைவெளிக்குச் சரியான விளக்கம் இல்லையென்றால் நான் விசாரணைக்குப் போகச் சொல்வேன். விளக்கம் இருந்தால், இரண்டு வருடம் வாய்தாவுக்கு அலைந்து லோடுகளை இழப்பதைவிட, வழக்கறிஞர் மூலம் ஒப்புக்கொண்டு, சிறை வேண்டாம் அபராதத்தோடு விடுங்கள் என்று தண்டனைக் குறைப்பு கேட்பது புத்திசாலித்தனம். அப்போது வாயால் கெஞ்சுவதைவிடக் காகிதம் பேசும்: வண்டித் தவணைப் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, விபத்து ஏதும் நேரவில்லை என்ற விவரம், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் குடிநோய் சிகிச்சைக்குப் பதிவு செய்த சீட்டு. கடைசியாகச் சொன்னதை வழக்குக்காக மட்டும் செய்யாதீர்கள் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டது அதுவன்று.

அந்த 25,000 ரூபாய்க்காரரை விட்டுவிடுங்கள். அவர் வழக்கறிஞராக இருந்தால் பார் கவுன்சில் பதிவு எண் சொல்லட்டும். சொல்லத் தயங்கினால் அவர் தரகர். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை இந்திய பார் கவுன்சிலின் விதிகள் வழக்கறிஞர்களுக்குத் தடை செய்கின்றன என்பதால், ‘உடைத்தால்தான் காசு’ என்பவரும் நம்பத் தகுந்தவர் அல்லர். அதே நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் தினமும் நிற்கும் ஒரு வழக்கறிஞரைத் தேடுங்கள். கட்டணத்தை முன்பே பேசி, ரசீது கேட்டு வாங்குங்கள். பணத்துக்கு வழியில்லையென்றால் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். ஆண்டு வருமானம் வரம்புக்குள் இருந்தாலோ, பட்டியல் இனத்தவராகவோ பழங்குடியினராகவோ இருந்தாலோ இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் விவரம் கேட்கலாம்.

பைக்கைப் பற்றிச் சுருக்கமாக: காவல் நிலையத்திலேயே இன்னும் நிற்கிறதென்றால் ஆர்.சி. புத்தகம், காப்பீட்டு நகல் இரண்டையும் வழக்கறிஞரிடம் கொடுத்து, நீதிமன்றத்தில் இடைக்கால ஒப்படைப்பு மனு போடச் சொல்லுங்கள். மழையில் நின்று கெடும் வண்டிக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

உங்கள் குடும்பத்துக்கு நீதிமன்றத்தைவிட முக்கியமான இடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். அங்கே 19ஆம் பிரிவின் கீழ் தனி நடவடிக்கை நடக்கும். வழக்கு முடியட்டும் என்று அது காத்திருக்காது. சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015இல் தந்த அறிவுறுத்தலின்படி, குடித்துவிட்டு ஓட்டியவரின் உரிமத்தைக் குறைந்தது 3 மாதம் நிறுத்தி வைப்பதே வழக்கமாக இருக்கிறது. ஆனால் உத்தரவு போடும் முன் உங்கள் கணவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வாய்ப்பை வாயால் பேசி வீணாக்காமல், வழக்கறிஞர் எழுதித் தரும் பதிலாகக் கொடுங்கள். பிழைப்பே வண்டி ஓட்டுவது என்பதையும், சீட்டின் நேர முரண்பாட்டையும் அதில் சேர்க்கலாம். குடித்ததாக ஒரு சொல்லும் இருக்கக் கூடாது, ஏனெனில் அந்தக் கடிதம் நாளை நீதிமன்றத்துக்கு வரக்கூடும். உத்தரவு பாதகமாக வந்தால் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நீங்கள் சென்ற ஆண்டு வீடு மாறியதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். உரிமத்தில் பழைய முகவரி இருந்தால் அறிவிப்பு அந்த வீட்டுக்குத்தான் போகும். நாளையே அலுவலகத்துக்குப் போய் புதிய முகவரியை எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது பேருந்தில் போகச் சொல்லுங்கள்.