கன்சாஸ் குழுவின் 'லெஃப்ட்ஓவர்ச்சர்': கேட்டவர்களுக்குப் பதில்கள்

1976 அக்டோபரில் வெளிவந்த இந்த ஆல்பத்தைப் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். அமெரிக்காவில் உருவான புராக் ராக் (சாஸ்திரிய இசையின் நீளமும் சிக்கலும் கலந்த ராக்) ஆல்பங்களில் எதைக் கேட்டுத் தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அண்ணா, 'சூப்பர்நேச்சுரல்' சீரியல் பார்த்துத்தான் எனக்கு 'கேரி ஆன் வேவர்ட் சன்' தெரியும். அந்த ஒரு பாட்டு போதுமா, முழு ஆல்பமும் கேட்கணுமா?

முழுசாகக் கேளுங்கள் தம்பி. எட்டே பாடல்கள்தான், முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அந்த ஒரு பாட்டைத் தனியாகக் கேட்டால் நல்ல ஹார்ட் ராக் பாட்டு என்று தோன்றும். அது முடிந்த கையோடு 'தி வால்' தொடங்கும்போதுதான் இந்தக் குழுவின் மனசு வேறு எங்கோ இருக்கிறது என்பது புரியும்.

புராக் என்றாலே யெஸ், ஜெனசிஸ், கிங் கிரிம்சன் என்று இங்கிலாந்துக் குழுக்கள்தானே? அவர்கள் செய்யாத எதை கன்சாஸ் செய்தது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

இவர்கள் கன்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரத்துக்காரர்கள். நியூயார்க்கோ லாஸ் ஏஞ்சலஸோ பக்கத்தில் கிடையாது. சுற்றுவட்டாரத்து மதுக்கூடங்களில் வாசித்து வளர்ந்தவர்கள். அங்கே வருகிறவர்களுக்கு ஆட்டம் போட வேண்டும், தாளம் நெஞ்சில் இடிக்க வேண்டும். ஆனால் பாட்டு எழுதும் கெர்ரி லிவ்கிரனின் தலைக்குள் ஓடியதோ சிம்பொனி இசை. வயலின் வாசித்த ராபி ஸ்டைன்ஹார்ட் முறையாக மேற்கத்திய சாஸ்திரிய இசை பயின்றவர். பாடகர் ஸ்டீவ் வால்ஷின் குரலில், கறுப்பினத் தேவாலயங்களில் வளர்ந்த கோஸ்பல், சோல் இசைப் பாடகர்களின் வெறி இருக்கும்.

இசை வெளியீட்டாளர் டான் கிர்ஷ்னர் இவர்களுடைய டேப்பைக் கேட்டுவிட்டு, நேரில் பார்த்து வர ஆள் அனுப்பினார். எலின்வுட் என்ற சிற்றூரின் பழைய ஓபெரா ஹவுஸில் நிகழ்ச்சி வைத்தார்கள். அரங்கம் நிறைய வேண்டுமே என்று இலவச பீர் என அறிவித்து ஊரையே திரட்டினார்கள். ஒப்பந்தம் கிடைத்தது.

அந்த மதுக்கூடப் பழக்கம் கடைசிவரை இவர்களைவிட்டுப் போகவில்லை. தாளக்கட்டு எவ்வளவு சிக்கலாகப் போனாலும் ஃபில் எஹார்ட்டின் டிரம்ஸும் டேவ் ஹோப்பின் பாஸும் உங்களைத் தரையிலிருந்து நழுவ விடாது. இங்கிலாந்துக் குழுக்கள் இருபது நிமிடத்துக்கு விரிக்கும் கற்பனையை இவர்கள் இந்த ஆல்பத்தில் பெரும்பாலும் ஐந்தாறு நிமிடத்துக்குள் இறுக்கிக் கட்டினார்கள். இந்த இறுக்கம்தான் ஆல்பத்தை இன்றும் புதிதாக வைத்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இது நெருக்கடியில் பிறந்த ஆல்பம் என்கிறார்களே, என்ன நெருக்கடி?

அதற்கு முன் மூன்று ஆல்பங்கள் வந்துவிட்டன. மேடையில் பெயர் இருந்தது. வானொலியில் ஓடும் பெரிய ஹிட் ஒன்றுகூட இல்லை. கிர்ஷ்னர் பொறுமையாகக் காத்திருந்தார், ஆனால் எவ்வளவு காலத்துக்கு?

அந்த நேரம் பார்த்து வால்ஷுக்குப் பாட்டே வரவில்லை. அதுவரை எழுதும் பாரத்தை அவரும் லிவ்கிரனும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். இப்போது ஏறக்குறைய மொத்தமும் லிவ்கிரன் தலையில் விழுந்தது. ஒத்திகை நடந்த நாட்களில் வீட்டில் எழுதி, மறுநாள் குழுவிடம் கொண்டுவந்து போடுவார். தயாரிப்பாளர் ஜெஃப் கிளிக்ஸ்மன். ஒலிப்பதிவு லூசியானாவின் பொகலூசாவில், 'ஸ்டுடியோ இன் தி கன்ட்ரி'யில்.

ஒத்திகை ஏறக்குறைய முடிந்து கிளம்பும் தறுவாயில் லிவ்கிரன் கடைசியாக ஒரு பாட்டைக் கொண்டுவந்தார். அதுதான் 'கேரி ஆன் வேவர்ட் சன்'. 1977இல் அமெரிக்கப் பில்போர்ட் தரவரிசைப் பட்டியலில் 11ஆம் இடம் வரை ஏறியது, ஆல்பம் 5ஆம் இடத்தைத் தொட்டது. எழுதிய ஆள் களைத்துப்போயிருந்த வேளையில் வந்த பாட்டு, களைத்தவனைத் தொடர்ந்து நடக்கச் சொல்கிறது. எனக்கு அது தற்செயலாகத் தெரியவில்லை.

சார், அந்தப் பாட்டை கிட்டாரில் பழகுகிறேன். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) வந்துவிட்டது, ஆனால் முழுப் பாட்டாக உட்கார மாட்டேன் என்கிறது. ஏன்?

விரலுக்குக் கஷ்டமான ரிஃப் இல்லை அது. நுழைவதும் விலகுவதும்தான் கஷ்டம். வாத்தியமே இல்லாமல் பல குரல்கள் சேர்ந்து பாடித் தொடங்கும். கிட்டார் வெடிக்கும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி, பியானோவோடு குரல் தனியாக நிற்கும். அந்த அடங்கலுக்குப் பிறகு வருவதால்தான் கோரஸ், அதாவது பல்லவி, அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது. டிரம்ஸ் டிராக் போட்டு, கிட்டார் இல்லாத இடங்களில் கையை எடுத்துவிட்டு எண்ணிப் பழகுங்கள். மௌனமும் உங்கள் பாகம்தான்.

வயலின் சும்மா அலங்காரத்துக்கா?

இல்லவே இல்லை. 'மிராக்கிள்ஸ் அவுட் ஆஃப் நோவேர்' கேளுங்கள். நடுவில் ஒரு இழை தொடங்க, அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேல் மற்றொன்று என்று வாத்தியங்கள் பின்னிக்கொண்டு போகும். வயலினை உருவிவிட்டால் அந்தப் பின்னலே அவிழ்ந்துவிடும். வால்ஷும் ஸ்டைன்ஹார்ட்டும் பாட்டைப் பகிர்ந்து பாடுவதும் இதில் உண்டு. ஸ்டைன்ஹார்ட் 2021இல் காலமானார். மேடையில் ரசிகர்களோடு பேசிக் குழுவின் முகமாக இருந்தவரும் அவரே.

'ஷையன் ஆந்தம்' பாட்டு அமெரிக்கப் பூர்வகுடிகளான ஷையன் மக்களின் குரலில் பாடுகிறது. நிலத்தை எடுத்துக்கொண்டவர்களின் வாரிசுகள் அப்படிப் பாடுவது நியாயமா?

நியாயமான கேள்வி. ஷையன் மக்கள் வாழ்ந்த சமவெளியில் கன்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியும் அடக்கம். தாங்கள் நிற்கும் மண்ணில் நடந்ததைத்தான் இவர்கள் பாடுகிறார்கள். வரிகளில் கொஞ்சம் எளிமைப்படுத்தல் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் இசை நேர்மையாக இருக்கிறது. துயரத்துக்கு நடுவே திடீரென்று குதூகலமான ஒரு வாத்தியப் பகுதி புகுந்து ஊர்வலம் போல ஓடும். ஒரு கூட்டத்தின் கொண்டாட்டம் இன்னொரு கூட்டத்தின் அழிவின் மேல் நடப்பதாகவே எனக்கு அது கேட்கிறது. பிறகு துயரம் திரும்பி வரும்போது தொண்டை அடைக்கும். ஆல்பத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பாடல் இது.

லிவ்கிரன் கிறிஸ்தவரானவர். இது பக்தி ஆல்பமா?

அவர் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வந்தது 1979இல். இந்த ஆல்பம் அதற்கு மூன்று ஆண்டு முந்தையது. இங்கே இருப்பது தேடல்தான். 'தி வால்' பாட்டில் ஒருவன் தனக்கும் தான் தேடுவதற்கும் இடையில் நிற்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கடக்க வேண்டும் என்று தெரியும், கடந்துவிட்டதாகச் சொல்லவில்லை. அதனால்தான் எந்த நம்பிக்கைக்காரரும், நம்பிக்கையே இல்லாதவரும்கூட இதற்குள் போய் உட்கார முடிகிறது.

பலவீனமான பாட்டே கிடையாதா?

'வாட்ஸ் ஆன் மை மைண்ட்' சாதாரணப் பாட்டு. மோசமில்லை.

'மேக்னம் ஓபஸ்' எனக்குப் பிடிபடவே இல்லை. எட்டு நிமிடத்துக்கு மேல், பாடுவது கொஞ்சம்தான்.

அது மீந்த துண்டுகளைக் கோத்துச் செய்தது, ஆறு பகுதிகள். ஆல்பத்தின் பெயருக்குப் பின்னால் இருப்பதும் இந்த மீதிச் சரக்குதான் ('லெஃப்ட்ஓவர்' என்றால் மீதி). கதை தேடாதீர்கள். முதல் தடவை டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த தடவை ஆர்கனை. ஆறு பேர் ஒருவரையொருவர் எவ்வளவு உன்னிப்பாகக் கேட்டு வாசிக்கிறார்கள் என்பது தெரிந்ததும் பிடித்துப்போகும்.

அடுத்து எதைக் கேட்கலாம்?

1977இல் வந்த 'பாயின்ட் ஆஃப் நோ ரிட்டர்ன்'. 'டஸ்ட் இன் தி விண்ட்' அதில்தான் இருக்கிறது. நீளமான பாடல்கள் பிடித்துவிட்டால் 1975இன் 'சாங் ஃபார் அமெரிக்கா'வுக்குப் பின்னோக்கிப் போங்கள். அதன் தலைப்புப் பாடல் பத்து நிமிடம். அதைக் கேட்டபின் மறுபடி 'லெஃப்ட்ஓவர்ச்சர்' போட்டால், எவ்வளவு சுருக்கியிருக்கிறார்கள் என்பது நன்றாகவே காதில் விழும்.